ஏழாவது கையெழுத்து

ஊர் முழுக்க அன்று காலை புதுக் குடியரசுத் தலைவருக்காகக் காத்திருந்தது. இளமாறன் தன் மனைவிக்காகக் காத்திருந்தார்.

வாக்கு எண்ணிக்கை எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதரைக்குள், நெய்தல் குடியரசின் பதினெட்டுத் தீவுகளில் பன்னிரண்டில் நீலக்கொடிக்காரர்கள் முன்னணி என்று சுவர்த்திரை சொல்லிவிட்டது. பக்கத்து மாடியில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்த இளமாறனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாடைக்குக் கீழே சின்னக் கீறல். படிகாரத்தை எடுத்து வைத்து அழுத்திக்கொண்டார். எழுபத்து மூன்று வயதில், பெண் பார்க்கப் போகிற பையனைப் போல இப்படித் தடுமாறுகிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

நெய்தலின் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள். உயிர் உள்ளவரை பதவி. ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்துக்கு ஆளைச் சொல்வது அப்போது பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர். மேலவை தலையசைக்க வேண்டும். தலைவர் ஆறு வருடத்தில் போய்விடுவார். அவர் உட்கார வைத்த நீதிபதி முப்பது வருடம் உட்கார்ந்திருப்பார். அதனால் நெய்தலின் தேர்தல் மேடைகளில் குடிநீர், மீன் விலை இரண்டுக்கும் அடுத்தபடி அலசப்படுவது நீதிபதிகளின் உடம்புதான். எந்த நீதிபதிக்குச் சர்க்கரை, எந்த நீதிபதிக்கு இதயத்தில் அடைப்பு என்று டீக்கடைக்குக்கூடத் தெரியும்.

நீதியரசர் நறுமுகைக்குக் கணையத்தில் கட்டி என்பது மட்டும் முதலில் இளமாறனுக்குத்தான் தெரிந்தது. அவர் மனைவி அவள். அப்போது அவளுக்கு அறுபத்து நான்கு. விழித்திருந்தால் எட்டு மாதம் என்றார்கள். அடுத்த தலைவர் தேர்தலுக்கோ பதினோரு மாதம் இருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் கொய்யாவை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டே அவள் பேசியது வரிக்கு வரி அவருக்கு நினைவிருக்கிறது.

"இப்ப இருக்கிறவர் வீட்டைக் காலி பண்ணப் போறவர், இளா. போற போக்குல முப்பது வருஷத்துக்கு ஒரு ஆளை உட்கார வெச்சிட்டுப் போகணுமா? நான் தூங்கிடறேன். ஜனங்க ஓட்டுப் போடட்டும். அவங்க அனுப்புறவர் என் இடத்துக்கு ஆளைப் போடட்டும்."

தூங்குவது என்று அவள் சொன்னது குளிருறக்கத்தை. உடம்பின் சூட்டை இறக்கி, இதயத்தை நிமிடத்துக்கு நாலே துடிப்புக்குக் கொண்டுவந்து, நோயையும் நோயாளியையும் சேர்த்து உறங்க வைத்துவிடுவார்கள். அப்படி உறங்கிய சூசை என்ற துறைமுகத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கியது தவறு என்று பல வருடங்களுக்கு முன் தீர்ப்பு எழுதியவளே நறுமுகைதான். 'உறங்குகிறவர் உயிருள்ளவர். திரும்பி வரும்வரை அவர் இடம் அவருக்கே.' அந்த ஒரு வரி இப்போது அவள் நாற்காலிக்கும் பூட்டுப் போட்டது.

"மஞ்சள்கொடியே மறுபடி வந்துட்டா?" என்று கேட்டார் இளமாறன்.

"வந்தா வரட்டும். ஜனங்களைக் கேட்கிறோம். நமக்குப் பிடிச்ச பதில் வந்தாத்தான் ஒத்துக்குவேன்னா அது என்ன கேள்வி?" ஒரு துண்டுக் கொய்யாவை அவர் கையில் வைத்தாள். "முடிவு வந்த மறுநாள், யார் ஜெயிச்சாலும், என்னை எழுப்பிடணும். சத்தியம் பண்ணு."

அவர் கையடித்துச் சத்தியம் செய்தார். எழுப்ப முடியாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்று, பதவி விலகல் கடிதம் ஒன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். தேதி மட்டும் போடவில்லை. "அதை நீ போட்டுக் குடுத்துடு."

அந்தத் தேர்தலில் மஞ்சள்கொடி ஜெயித்தது.

மறுநாள் இளமாறன் மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பின நாள்லேர்ந்து எட்டு மாசம். அதுக்கு மேல எங்க கையில இல்லை" என்றார் டாக்டர் ஷமீமா. இளமாறன் அரை மணி நேரம் நின்றார். பிறகு, ஒரு கையெழுத்தும் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நீலக்கொடிக் கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான். "மஞ்சள்காரங்க கையில அம்மா நாற்காலி சிக்கக் கூடாது அய்யா. இன்னும் ஒரு ஆறு வருஷம்..." என்று கெஞ்சினார்கள். உறக்கத்தை நீட்டிக்க, கணவனோ மனைவியோ வருடத்துக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவர் போட்டார். அடுத்த வருடமும் போட்டார். கட்சி மேடைகளில் அவரைத் தியாகி என்றார்கள். கொள்கைக்காக மனைவியைப் பிரிந்து வாழும் மாமனிதர் என்று சுவரொட்டி அடித்தார்கள். அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் இளமாறன் தலையைக் குனிந்துகொள்வார். தன்னடக்கம் என்று ஊர் அதையும் மெச்சியது.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். உறங்குகிறவரை அவள் சாகமாட்டாள். அவர் போட்ட ஆறு கையெழுத்துக்கும் இருந்த காரணம் அது ஒன்றுதான்.

*

பதினோரு மணிக்கு வில்சன் துரை வந்தார். நீலக்கொடிக் கட்சியின் சட்டப் பிரிவுச் செயலாளர். கையில் மஸ்கோத் அல்வாப் பொட்டலம், முகத்தில் இரண்டு ராத்திரி உறங்காத களைப்பு.

"ஜெயிச்சிட்டோம் அய்யா! வாயைத் திறங்க முதல்ல." ஒரு துண்டை அவரே ஊட்டிவிட்டார்.

"சந்தோஷம் தம்பி. நான் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன்."

வில்சன் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். "அது விஷயமாத்தான் வந்தேன். அய்யா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"தலைவர் நம்மாளு ஆயிட்டார். ஆனா மேலவை இன்னும் அவங்க கையில இருக்கு. இப்ப அம்மாவை எழுப்பி, எட்டு மாசத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம தலைவர் சொல்ற ஆளை மேலவை விடாது. யாரோ ரெண்டுங்கெட்டானைத்தான் போட வேண்டி வரும். ரெண்டு வருஷத்துல மேலவைத் தேர்தல் வருது. அதுவரைக்கும்..." சட்டைப்பையிலிருந்து அந்தப் பழகிய படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அடுத்த மாசம் எப்படியும் புதுப்பிக்கணும். இன்னும் ரெண்டே கையெழுத்துதானே அய்யா? ஆறு போட்ட கை."

இளமாறன் படிவத்தைப் பார்த்தார். ஏழாவது. வில்சனைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். ஒவ்வொரு வருடமும் நறுமுகையின் பிறந்தநாளன்று மருத்துவமனைக்குப் பூ அனுப்புகிறவர்.

"தம்பி, ஒண்ணு கேட்கிறேன். அந்த நாற்காலி காலியாகாம இருந்து இந்த ஏழு வருஷத்துல என்ன கிடைச்சுது?"

"மஞ்சள்காரங்களுக்கு அது கிடைக்கலையே அய்யா!"

"சரி. நமக்கு?"

நாடே அறிந்த கதை அது. ஏழில் ஒருவர் உறங்க, மிச்சம் ஆறு பேர் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றம் சொன்னது அப்படியே நிற்கும். கடல்சுவர் வழக்கு அப்படித்தான் முடிந்தது. தலைநகரான புதுத்துறையைச் சுற்றி அரசு எழுப்பிய கடல்சுவருக்கு வெளியே அகப்பட்டுக்கொண்ட கரையோரக் குடும்பங்களைக் காலி செய்யலாம் என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மூன்றுக்கு மூன்று. முதல் இரண்டு தெருக்களை ஒரே வாரத்தில் இடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் மஞ்சள் பக்கத்து நீதிபதி ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டது. அவரும் உறங்கப் போனார். நீலப் பக்கத்திலும் இன்னொருவர். பெரியவர்கள் போட்ட பாதையில் பின்னால் வருகிறவர்களுக்கு நடக்க என்ன கஷ்டம்?

"அம்மா இருந்தா இந்நேரம் என்ன சொல்வாங்கன்னு யோசிங்க அய்யா" என்றார் வில்சன்.

"அதைத்தான் தம்பி கேட்கப் போறேன்." இளமாறன் படிவத்தை மடித்து, அல்வாப் பொட்டலத்தோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தார். "ஏழு வருஷமா எல்லாரும் அவளுக்காகப் பதில் சொல்லிட்டிருக்கோம். நானும்தான்."

*

அந்த மருத்துவமனை அறைக்கு இளமாறன் வராத நாள் குறைவு. துறைமுகத்தில் ஓத அட்டவணை தயாரிக்கும் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று கணக்குப் போட்டே வாழ்ந்தவர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அன்றைய அட்டவணையை வாசித்துவிட்டுப் போவார். வேறென்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

எழுப்புவதற்கான கையெழுத்தைப் போட்டபோது டாக்டர் ஷமீமா நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சிட்டீங்களா சார்? மூணு நாள்ல கண்ணைத் திறந்திடுவாங்க. கட்டியும் கூடவே முழிச்சிக்கும்."

"தெரியும்மா."

உள்ளே செபஸ்தியாள் நறுமுகையின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுப் பணியாளர். இந்த அறையை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். விஷயம் கேட்டதும் சீப்பு நின்றது.

"அம்மாவ எழுப்பப் போறீயளா? மாதாவே! நான் ஒரு நல்ல சேலையாவது கட்டிட்டு வந்திருப்பேனே."

"மூணு நாள் இருக்கும்மா. கட்டிட்டு வா."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அய்யாகிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வீடு சுவருக்கு வெளிய, மொத தெருவுல இருந்துச்சு. இடிச்சிட்டாவ. இப்ப தங்கச்சி வீட்டு மொட்டமாடியில தார்ப்பாய் கட்டி இருக்கோம். அம்மா முழிச்சிருந்தா நம்ம வீடு நின்னுருக்கும்னு எங்க தெருக்காரவிய எல்லாம் சொல்லுவாவ. நான் தல வாரும்போது அம்மா காதுல சொல்லுவேன், எந்திரிங்கம்மான்னு. கோவத்துல சொல்லல. சும்மா சொல்லுவேன்."

ஏழு வருடமாக இந்த அறைக்கு வந்து போகிறார். அந்த இரண்டு தெருக்களில் இவள் வீடும் ஒன்று என்று யாரோ ஒருமுறை சொல்லக் கேட்டுமிருக்கிறார். கேட்டு, தலையை ஆட்டி, அட்டவணையை வாசிக்கத் தொடங்கியது அவருக்கு நினைவுக்கு வந்தது.

*

மூன்றாம் நாள் காலை நறுமுகை கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். புதுச் சேலை கட்டி நின்ற செபஸ்தியாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நனைத்த பஞ்சால் செபஸ்தியாள் அவள் உதட்டைத் துடைத்தாள்.

"யாரு ஜெயிச்சா?"

ஏழு வருடமாக ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் இளமாறனுக்கு மறந்து போயிற்று. "நீலம்."

"பரவாயில்லையே." சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் தலைமுடியைக் கண்டதும் நின்றது. "என்ன இளா இது? பதினோரு மாசத்துல இப்படியா நரைக்கும்? சரியாச் சாப்பிட்டியா இல்லையா?"

"பதினோரு மாசம் இல்லை நறு."

"பின்ன?"

"அந்தத் தேர்தல்ல மஞ்சள் ஜெயிச்சுது. இது அதுக்கு அடுத்தது."

செபஸ்தியாள் சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நறுமுகை அவர் நரையை மறுபடி பார்த்தாள். பிறகு அவள் குரலில் வந்தது அவருக்குப் பழக்கமான வீட்டுக் குரல் இல்லை, நீதிமன்றக் குரல்.

"வருஷத்துக்கு ஒரு கையெழுத்து. எத்தனை போட்டே?"

"ஆறு."

"கட்சிக்காரங்க மிரட்டினாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். அவளே அந்த வழியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். இளமாறன் தலையை ஆட்டினார். "இல்லை. கேட்டாங்க. ஆனா அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே நான் உன்னை எழுப்பாம வீட்டுக்கு வந்துட்டேன்."

"ஏன்?"

"எட்டு மாசம்னு டாக்டர் சொன்னாங்க. எட்டு மாசம் எனக்குப் போதாதுன்னு தோணிச்சு."

"இந்த ஏழு வருஷம் போதுமா இருந்துச்சா?"

இளமாறன் அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"வெளிய இரு இளா" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

கல்லூரிக் காலத்திலிருந்து அவர்களுக்குள் ஓடும் வேடிக்கை அது. வாக்குவாதத்தில் அவள் தோற்கப் போகிறாள் என்று தெரிந்தால் இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போவாள். அன்று இருவருமே சிரிக்கவில்லை.

இரண்டு நாள் அவரை உள்ளே விடவில்லை. அவர் நடைபாதைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். செபஸ்தியாள் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தாள். "கஞ்சி குடிச்சாவ." "பேப்பர் கேட்டாவ." இரண்டாம் நாள் சாயங்காலம், "எங்க வீட்டப் பத்திக் கேட்டாவ அய்யா. மொத்தமும் சொன்னேன். தப்பா?"

"தப்பே இல்லைம்மா."

மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வழக்குக் கட்டு.

"செபஸ்தியா வீடு போனது உனக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை."

"நானும்தான். தூங்கிட்டிருந்தேன்." கட்டைத் தட்டினாள். "சரிபாதியாப் பிரிஞ்ச வழக்கை, விடுபட்ட நீதிபதி திரும்பி வந்தா மறுபடி கேட்கலாம்னு விதி இருக்கு. நான் கோர்ட்டுக்குப் போகணும்."

இளமாறன் நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்தார். "எட்டு மாசம்தான் இருக்கு நறு. நாம எங்கேயாவது..."

"அதுல ரெண்டரை மாசம் அவங்களுக்கு. மிச்சம் உனக்கு."

"என்மேல கோவம்?"

"இருக்கு. நிறைய இருக்கு. அதுக்குன்னு தனியா நாள் ஒதுக்க முடியாது. உன்கூட இருக்கும்போதே அதையும் பட்டுக்கிறேன்."

*

அவள் வீட்டுக்கு வந்த பிறகு இளமாறன் இரண்டு மூன்று முறை வாய் திறக்கப் பார்த்தார். சுவருக்கு வெளியே கடல் எந்த வருடம் எந்தத் தெருவைத் தொடும் என்று அவரைப் போலக் கணக்கிட்டவர்கள் நாட்டிலேயே நாலைந்து பேர்தான். "அந்த மொத தெரு இருக்கே, நறு, அங்க ஓதம்..."

"சொல்லாதே." காதைப் பொத்திக்கொண்டாள். "சாட்சி சொல்றதா இருந்தா கூண்டுல ஏறிச் சொல்லு. சமையல்கட்டுல சொல்லாதே."

இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஆட்சேபிக்காததால் அவர் கூண்டில் ஏறினார். அவளைப் பார்த்து "கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்ல நேர்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆனால் அதற்கு முன், நீதிமன்றம் கூடிய முதல் நாள் நடந்ததை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது. தினமும் காலையில் சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகன் ஏழு நீதிபதிகளின் பெயரையும் வரிசையாகக் கூவ வேண்டும். இருப்பவர் தலையசைப்பார். உறங்குகிறவர் பெயருக்கு, "உறங்குகிறார்" என்று அவனே சொல்லி, நாற்காலிமேல் ஒரு சால்வையைப் போர்த்துவான். ஏழு வருடப் பழக்கம்.

"நீதியரசர் நறுமுகை!" என்று கூவிவிட்டு, சால்வையை விரித்தபடி, "உறங்குகி..." என்று தொடங்கிவிட்டான்.

"இல்லைப்பா, முழிச்சிட்டேன்" என்றாள் நறுமுகை. "சால்வையைக் குடு. உள்ளே குளிருது."

நீதிமன்றமே சிரித்தது. மஞ்சள் பக்கத்து நீதிபதிகளும் சேர்ந்து சிரித்தார்கள். இருக்கும் ஐவரில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கம். அவள் சொல்வதுதான் தீர்ப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன சொல்வாள் என்பதும் தங்களுக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்காகத்தானே ஒரு கட்சி அவளை உறங்க வைத்திருந்தது, இன்னொரு கட்சி அவள் சாவுக்குக் காத்திருந்தது.

ஒன்பது நாள் விசாரணை. பொறியாளர்கள் வந்தார்கள், மீனவர் சங்கத்தார் வந்தார்கள், இளமாறன் வந்தார். இடையில் புதுத் தலைவர் பதவி ஏற்றுக்கொண்டார். சில நாள் நறுமுகைக்கு வலி தாங்காமல் பிற்பகல் அமர்வு தள்ளிப்போடப்பட்டது. வீட்டில் தலைமாட்டில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதினாள். இளமாறன் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். சில நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினாள். சில நாள் பேசவில்லை.

தீர்ப்பு நாளன்று அவள் குரல் மெலிந்திருந்தது. ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

கடல் அந்தத் தெருக்களை இன்னும் பத்து வருடத்தில் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆட்களை உள்ளே கொண்டுவர அரசுக்கு உரிமை உண்டு. நீலப் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் சுவருக்கு உள்ளே வீடு கொடுத்துச் சாவியைக் கையில் வைத்த பிறகுதான் வெளியே ஒரு செங்கல்லைத் தொடலாம். ஏற்கெனவே இடித்த வீடுகளுக்கு ஆறு மாதத்துக்குள் வீடு. இப்போது மஞ்சள் பக்கத்தில் முணுமுணுப்பு.

கடைசியில் ஒரு பத்தி. வழக்கு முன்பு சரிபாதியாகப் பிரிந்ததற்குக் காரணம் ஒரு நீதிபதியின் உறக்கம் என்று மனுதாரர் சொன்னது சரி. 'உறங்குகிறவர் இடம் அவருக்கே என்று நானே எழுதினேன். அது சூசையின் பிழைப்புக்காக எழுதியது. நீதிபதியின் நாற்காலி அவருடைய பிழைப்பு அல்ல, பிறருடைய பிழைப்பு. ஆறு மாதத்துக்குமேல் உறங்கும் நீதிபதியின் இடம் காலியானதாகவே கொள்ளப்படும்.'

மூன்றுக்கு இரண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் அவளோடு சேர்ந்தவர்கள் வேறு வேறு இருவர். கடைசிப் பத்திக்கு மட்டும் ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் வில்சன் துரை இளமாறனைப் பிடித்துக்கொண்டார். "என்ன அய்யா இது! இதுக்கா ஏழு வருஷம் காத்துக் கிடந்தோம்? அம்மா நம்ம பக்கம்னு..."

"நானும் அப்படித்தான் தம்பி நினைச்சேன். என் பக்கம்னு."

செபஸ்தியாள் தூண் ஓரமாக நின்றிருந்தாள். அதே புதுச் சேலை. "பழைய வீடு இனிமே இல்ல போல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொட்டமாடிய விட்டு இறங்கிருவோம்லா. அது போதும். அம்மா தல கலஞ்சிருக்கு பாருங்க, யாரு வாரிவிட்டா?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

*

வீட்டுக்கு வந்ததும் நறுமுகை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "அந்தக் கடிதம் இருக்கா?"

ஓத அட்டவணைப் புத்தகத்துக்குள் அது ஏழு வருடமாக இருந்தது. மடிப்பு மஞ்சளாகியிருந்தது. இளமாறன் எடுத்து விரித்தார். பதவி விலகுகிறேன், நறுமுகை. மேலே தேதிக்கு விட்ட இடம் மட்டும் வெறுமை.

"இப்ப குடுத்தா மேலவையும் தலைவரும் மல்லுக்கட்டி, கடைசியில யாரைப் போடுவாங்க?" என்று கேட்டார்.

"யாரோ ரெண்டுங்கெட்டானை. போடட்டும். ரெண்டு பக்கமும் கேட்கிற ஆளா இருந்தாச் சரி." கண்களைக் கசக்கினாள். "கண்ணாடியை எங்கே வெச்சேன்னு தெரியலை. நீயே இன்னைக்குத் தேதியைப் போட்டுடேன்."

பேனா அவர் கையில்தான் இருந்தது. ஆறு முறை பழகிய கை. மூடியைக் கழற்றக்கூடச் செய்தார். பிறகு மூடினார். எழுந்து போய் அடுக்களை மேடையில் தேடினார், வழக்குக் கட்டுகளுக்கிடையில் தேடினார், கடைசியில் குளியலறை ஜன்னலில் கண்ணாடியைக் கண்டெடுத்தார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, பேனாவோடு சேர்த்து அவளிடம் நீட்டினார்.

"உன் தேதியை இனிமே நான் போட மாட்டேன் நறு."

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தேதியை எழுதினாள். மை காய ஊதிவிட்டு மடித்தாள்.

"அந்த ஒத்திவெச்ச தீர்ப்பு?" என்று கேட்டார் இளமாறன்.

"அதுக்கு என்ன அவசரம்? இன்னும் அஞ்சரை மாசம் இருக்கு." ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் காலைத் தரையில் ஊன்றி, எழுந்திருக்க அவர் கையைக் கேட்டு நீட்டினாள். "இன்னைக்குக் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு இளா?"

ஏழு வருடமாகத் தினமும் அதை அவர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டு அவர் சொல்வது இதுதான் முதல் முறை.

"ஆறு பத்துக்கு" என்றார்.